பொன்னுத்தாயி அக்காவின் நாடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு, காத்து கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. சொந்த ஊர் அய்யம்பாளையம். அணைப்பக்கம் வெள்ளைச் சேலையில் ஒருத்தி நிற்கிறாள் என்று ஊரே பொழுது சாயும் முன் கதவைச் சாத்திய காலத்தில், அங்கேயே போய் உட்கார்ந்து தூண்டில் போட்டவன் நான். கிட்டே போய்ப் பார்த்தால் யாரோ சிமெண்ட் சாக்கை அலசிக் காயப்போட்டிருந்தார்கள். படித்தது மருந்தியல், இப்போது மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் அதையே பாடம் நடத்துகிறேன். ஆகையால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, இவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நீங்கள் நினைத்தாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். இன்னொன்று, இது ராத்திரியில் நடந்ததும் இல்லை. எல்லாம் பட்டப்பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் தனியார் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். பி.எச்டி.க்காக நான் அங்கே இருந்தேன். எனக்கு மேலே ஸ்ரீதரன் சார். பீட்டா பிளாக்கர் என்ற மருந்து வகை மலை உயரத்தில் இதயத்தையும் ரத்தக்குழாயையும் மூளையையும் எப்படிப் பாதிக்கிறது என்பது எங்கள் ஆராய்ச்சி. புரியும்படி சொல்கிறேன். பயந்தாலோ பதறினாலோ உடம்பில் அட்ரினலின் சுரக்கும், அது இதயத்தில் தனக்கென்று இருக்கும் இடத்தில் போய் உட்காரும், இதயம் படபடவென்று அடிக்கும். இந்த மருந்து, பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அது மாதிரி முன்னாலேயே போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அட்ரினலின் வந்து நின்றுகொண்டே போகவேண்டியதுதான். படபடப்பு வராது.

இதைப் பார்ப்பதற்கு முயல். முயலை மயக்கி, இதயத்தை மட்டும் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயின் முனையில் கட்டித் தொங்கவிடுவோம். வெதுவெதுப்பான உப்புக் கரைசல் ஆக்சிஜனோடு அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓடும்வரை உடம்பு இல்லாமலேயே அந்த இதயம் சில மணி நேரம் துடிக்கும். கேட்கக் கொடூரமாக இருக்கும், எனக்கும் முதல் வாரம் சோறு இறங்கவில்லை, பிறகு பழகிவிட்டது. எதுதான் பழகவில்லை.

இதில் ஒரு சிக்கல். சாகும்போது முயல் பயந்திருந்தால் அதன் இதயத்தில் அட்ரினலின் சமாச்சாரம் ஏறிக்கிடக்கும், கணக்கெல்லாம் கெட்டுப்போகும். ஆகவே அது நிம்மதியாகச் சாகவேண்டும். அதற்கு ஸ்ரீதரன் சார் கண்டுபிடித்த வழிதான் பொன்னுத்தாயி அக்கா. பக்கத்திலுள்ள பேத்துப்பாறை என்ற மலைக்கிராமத்துக்காரர். கணவர் கருப்பையா பூண்டு போடுவார், அக்கா வீட்டிலேயே முயல் வளர்த்து எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பகலெல்லாம் எங்கள் முயல் கொட்டடியையும் பார்த்துக்கொள்வார். அவர் கூப்பிட்டால் முயல் தானாக வந்து மடியில் ஏறும். அந்த மடியில் வைத்தேதான் காதில் ஊசி போடுவோம். தன்னை வளர்த்தவளின் மடி என்று நம்பி அது கண்ணை மூடும். இதைவிடச் சுத்தமான ஏற்பாடு எந்த லேபிலும் இல்லை என்று ஸ்ரீதரன் சாருக்கு ஒரே பெருமை.

அக்கா ஒன்றும் தெரியாத அப்பாவி இல்லை. முயலை வெட்டிக் குழம்பு வைத்தவர்தான். ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஊசிக்கு முன்னால் முயலின் தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார். அது தலையைச் சிலுப்பினால்தான் எங்களிடம் தருவார். கோயிலில் கிடாய்க்குச் செய்வார்களே, அதே உத்தரவு கேட்கிற வழக்கம்தான்.

"கேக்காம உசுர எடுக்கலாமா தம்பி? ஆட்டுக்கே கேக்குறோம். இது வாயில்லாத சீவன், இதுக்கு மட்டும் என்ன கொறச்சல்?" என்பார்.

ஒருநாள் ஸ்ரீதரன் சார் அதைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, இனிமே நோ வாட்டர். ஈரம் பட்டா குளிரும், குளிர்ந்தா அட்ரினலின் ஏறும், என் டேட்டா போச்சு. புரியுதா?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நானும் சார் சொல்வது அறிவியல்படி சரிதான் என்று தலையாட்டினேன், அது உண்மையிலேயே சரிதான்.

மறுநாளே ஆரம்பித்தது.

குழாயில் ஓர் இதயம் சீராக அடித்துக்கொண்டிருந்தது, கணினித் திரையில் அதன் துடிப்புக் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் அக்கா அடுத்த முயலை "வாடி தங்கம், வாடி வாடி" என்று கூப்பிட்டார். கோடு எகிறியது. குழாயில் தொங்கிய இதயம், காது இல்லை, மூளை இல்லை, ஒரு நரம்புகூட இல்லை, வெறும் சதை, நாய் துரத்துகிற மாதிரி அடிக்கிறது. கதவு அதிர்ந்திருக்கும் என்று நினைத்தேன். மின்சாரத்தில் ஏற்ற இறக்கம் என்று நினைத்தேன். மருந்தை ஊற்றினேன். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அட்ரினலினையே நேராக ஊற்றினேன், இதயம் அசையவில்லை, இடம் எல்லாம் பிடித்தாகிவிட்டது. அப்புறம் அக்கா மூன்றாவது முயலைத் தூக்கினார். மறுபடி எகிறியது.

நான் விடுகிற ஆள் இல்லை. வேறொருவரை அதே மாதிரி கூப்பிடச் சொன்னேன், ஒன்றும் இல்லை. அக்காவைத் தோட்டத்துக்கு அனுப்பி அங்கிருந்து கூப்பிடச் சொன்னேன், எகிறியது. கடைசியில் வாயே திறக்காமல் முயலை மட்டும் கூண்டிலிருந்து எடுக்கச் சொன்னேன், அதற்கும் எகிறியது. அப்படியானால் சத்தம் காரணம் இல்லை. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி, அக்காதான் காரணம். போய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது, ஆனால் நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இப்படி அடிக்குது?"

"உத்தரவு வாங்காமக் குடுக்குறேன்ல தம்பி, நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது. அதுக்காக சோலியப் பாக்காம இருக்க முடியுமா?"

ஸ்ரீதரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தம்மாவுக்குப் பதற்றம், அது முயலுக்குத் தொற்றுகிறது, அதனால் இதயம் எடுக்கும்போதே கெட்டுப்போயிருக்கிறது, இதில் என்ன அதிசயம் என்றார். தோட்டத்திலிருந்து கூப்பிட்டதற்கு என்ன பதில் என்றேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். நாங்கள் முயலுக்குக் கொடுக்கிற அதே மருந்து, மனிதர்கள் சாப்பிடுகிற மாத்திரை வடிவத்தில்.

"காலையில ஒண்ணு குடுங்க. சத்து மாத்திரைன்னு சொல்லிக்கலாம்."

"சார், இது தப்பு. அவங்களுக்கு என்ன உடம்புன்னே நமக்குத் தெரியாது."

"ஊர்ல பாதிப் பேர் சாப்பிடறான் மிஸ்டர். ஸ்டேஜ்ல பாடறவன்கூட இதைப் போட்டுட்டுத்தான் பாடறான்."

சத்து மாத்திரை என்று நான் சொல்லவில்லை. நெஞ்சுப் படபடப்பைக் குறைக்கிற மாத்திரை என்று சொல்லி, இளைப்பு, அதாவது ஆஸ்துமா, இருந்தால் மட்டும் இதைத் தொடவே கூடாது, மூச்சை அடைத்துவிடும் என்றும் சொல்லி, இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "எனக்கென்ன தம்பி இளைப்பு, கல்லு மாரி இருக்கேன்" என்றார். பிறகுதான் தெரிந்தது, பனிக்காலம் வந்தால் அவருக்கு இளைப்பு வரும், பக்கத்து வீடுகளுக்கே தெரியும். இளைப்புக்காரியை முயல் மயிர் பறக்கும் கொட்டடியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறார்.

அவர் மாத்திரையை விழுங்கிய அன்று கோடு எகிறவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். இதயத்துக்கு மருந்து ஊற்றியபோது நிற்காத படபடப்பு, அக்கா மாத்திரை போட்டதும் நின்றுவிட்டது. அப்படியானால் இத்தனை நாளும் குழாயில் அடித்தது யாருடைய இதயம்? நான் இதைக் கேட்டபோது ஸ்ரீதரன் சார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டேட்டா சுத்தமாக வருகிறது, அவருக்கு அது போதும். முயல்களின் எண்ணிக்கையைக் கூட்டினார். அக்கா தினமும் மாத்திரை போட்டார், ஒன்றன்பின் ஒன்றாக மடியில் வைத்துக் கொடுத்தார்.

"மொதல்ல எல்லாம் ஒன்னக் குடுத்தா அன்னிக்கிப் பூராவும் சோறு எறங்காது. இப்ப ஒன்னுமே தெரியல தம்பி. நல்ல மாத்திர" என்றார். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

பிறகு மார்கழிப் பனி வந்தது. அன்று காலை அக்கா வெள்ளனே வந்துவிட்டார், சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டிருந்தார், குளிருக்கு என்று நினைத்தேன். முதல் முயலைக் கொடுத்துவிட்டுக் கொட்டடிப் பக்கம் போனார். நான் இதயத்தைக் குழாயில் மாட்டினேன். நன்றாகத்தான் அடிக்க ஆரம்பித்தது. மருந்துப் புட்டியின் மூடியைக்கூட நான் திறக்கவில்லை. ஆனால் இதயம் மெதுவாகிக்கொண்டே போனது. கரைசலின் சூடு சரியாக இருக்கிறது, ஆக்சிஜன் சரியாக இருக்கிறது, எல்லாக் குழாயையும் தடவிப் பார்த்தேன், அடைப்பு இல்லை. குழாயில் தொங்கும்போது சிவப்பாக இருந்த சதை என் கண்ணெதிரே நீலம் பாரித்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில், இனி வராது என்று நினைக்கும் அளவுக்கு இடைவெளி விழுந்தது.

ஏன் எனக்கு அப்படித் தோன்றியது என்று கேட்காதீர்கள், போட்டது போட்டபடி கொட்டடிக்கு ஓடினேன். கூண்டுகளுக்குப் பின்னால் அக்கா சுவரில் சாய்ந்து கிடந்தார். உதடு நீலம். கழுத்து நரம்பு புடைத்து, உள்ளே போகாத காற்றை இழுத்து இழுத்து, நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். ஏதோ சொல்ல வந்தார், வாய் மட்டும் அசைந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு நான் கத்திய கத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஸ்ரீதரன் சாரும் வந்தார். வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா?

"ஜீப்பை எடுத்துட்டுப் போங்க, வெரசா போங்க. அந்த ரெக்கார்டிங்கை யாரும் ஆஃப் பண்ணிடாதீங்க. பியூட்டிஃபுல் ட்ரேஸ்." திரையில் ஓடுகிற அந்தக் கோட்டைத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கருப்பையா அண்ணன் பூண்டு மண் ஒட்டிய கையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நீங்க பாக்கலைன்னா அவ செத்திருப்பா தம்பி என்றார். பார்த்தது நான் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

சாயங்காலம் ஆவதற்குள் லேபுக்குத் திரும்பினேன். ரெக்கார்டிங் முடிந்து குழாயைக் கழற்றி, கரைசல், ஆக்சிஜன் எல்லாவற்றையும் மூடியிருந்தார்கள். இதயத்தை ஒரு கண்ணாடித் தட்டில் எடுத்து மேஜை ஓரத்தில் வைத்திருந்தார்கள். குளிர்ந்துபோன தட்டு. கரைசல் இல்லாமல் ஓர் இதயம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் நான் படித்தேன். அது அடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக, ஆனால் ஒழுங்காக.

கருப்பையா அண்ணனுக்குப் போன் போட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், தூங்குகிறாள் என்றார். பின்னால் அந்த நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் மெஷின் பீப், பீப் என்று கேட்டது. போனை அந்த மெஷின் பக்கத்தில் வையுங்கள் அண்ணே என்றேன். ஸ்பீக்கரில் போட்டு நானும் மேஜையில் வைத்தேன். ஒவ்வொரு பீப்புக்கும் தட்டில் ஒரு துடிப்பு. ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அதைத் தொடவும் பயம், தொடாமல் விடவும் பயம்.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீதரன் சார் உள்ளே வந்தார். "அட, இன்னும் அடிக்குதா? வாட் எ ஸ்பெசிமென்!" என்றார். சார், தொடாதீர்கள், அந்தம்மாவோட உயிர் இதில் இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சத்தத்தைக் கேளுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இடுக்கியால் அதை எடுத்து ஃபார்மலின் பாட்டிலுக்குள் போட்டார். எதையும் அழுகாமல் வைத்திருக்கும், கண்ணைக் கரிக்கும், அந்த மருந்துத் தண்ணீர்தான். உள்ளே விழுந்ததும் அது ஒரு தடவை சுருங்கியது, அப்படியே நின்றுவிட்டது.

போனில் பீப் நின்றது.

கருப்பையா அண்ணன் "ஏம்மா, சிஸ்டர், ஏம்மா" என்று கூப்பிடுவது கேட்டது. யாரோ ஓடுகிற சத்தம். நான் பாட்டிலைப் பிடுங்கப் போனேன், ஸ்ரீதரன் சார் என் கையைத் தட்டிவிட்டார். அதற்குள் பீப் மறுபடி வந்தது. கடிகாரம் வைத்த மாதிரி ஒரே சீராக வந்தது. "பார்த்தீங்களா, ஒண்ணும் இல்ல. ஒயர் லூஸா இருந்திருக்கும்" என்று சொல்லி, பாட்டிலை மூடி, சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அந்த ட்ரேஸ் பற்றி அவர் பிறகு பல கூட்டங்களில் பேசியதாகக் கேள்வி. நல்ல கைதட்டலாம்.

அக்கா பிழைத்து வீட்டுக்குப் போனார். மாத்திரையை அத்தோடு நிறுத்தியாகிவிட்டது, லேபுக்கும் அவர் திரும்பவில்லை. நானும் கொஞ்ச நாளில் வேறு இடம் பார்த்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். கதை இதோடு முடிந்திருந்தால் நானே இதையெல்லாம் ஒயர் லூஸ் கணக்கில் எழுதியிருப்பேன்.

போன தை மாதம் கருப்பையா அண்ணனைப் பூண்டுத் தோட்டத்தில் காட்டுமாடு குத்திக் கொன்றுவிட்டது என்று தகவல் வந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறிப் பேத்துப்பாறைக்குப் போனேன். வீட்டுக்கு வெளியே பெண்கள் கூடி நின்றார்கள், யாரும் அக்கா பக்கத்தில் உட்காரவில்லை. கல்நெஞ்சுக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, புருசன் சாகிறதை நின்று பார்த்திருக்கிறாள் என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அக்கா அடுப்படியில் வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவருக்குப் பின்னால வந்து நின்னுச்சு தம்பி. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மாடு நிக்குதுன்னு தோணுச்சு, அம்புட்டுத்தான். பயம் வந்தாத்தான வாயில சத்தம் வரும்? வரல. அவரு திரும்பிப் பாத்தாரு, மாட்டப் பாக்கல, என்னயத்தான் பாத்தாரு. ஏன்டி கத்தலைங்குற மாரி பாத்தாரு."

இதைச் சொல்லும்போது குரல் துளிகூட நடுங்கவில்லை. காப்பிக்குச் சீனி போதுமா என்று கேட்கிற குரல். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அழணும்னு இருக்கு தம்பி. உள்ள என்னமோ கெட்டியாக் கெடக்கு, அசையமாட்டேங்குது. அன்னிக்கி நெஞ்ச நிறுத்துறதுக்கு மாத்திர குடுத்தீகல்ல, இப்ப ஓட வைக்க ஒன்னு குடுங்க. அவருக்காக ஒரு தடவ அழுதுட்டா போதும்."

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். மலையேறி வந்தவனுக்கு எனக்குப் படபடவென்று அடிக்கிறது, நேற்று தாலி இழந்தவருக்குப் படபடப்பே இல்லை. போனில் கேட்டேனே, அதே கடிகாரச் சீர். நாடியைப் பார்க்கக் குனிந்தபோது அவர் மூச்சு என் முகத்தில் பட்டது. காப்பி வாசனையோ வெற்றிலை வாசனையோ இல்லை. ஃபார்மலின். வருஷக்கணக்காக அதற்குள் கை விட்டவன் நான், அந்த நெடியை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கண் கரித்தது. பாட்டிலைப் பற்றி அவரிடம் நான் சொன்னதில்லை, சத்தியமாக யாரும் சொன்னதில்லை.

மாத்திரை எதுவும் கொடுக்காமல் திரும்பிவிட்டேன், கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது. ஸ்ரீதரன் சார் வெளிநாடு போய்விட்டார். பாட்டில் இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கிறதாம், அங்கே வேலை செய்கிற ஒருவரிடம் அவ்வப்போது போனில் கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் அவரே கூப்பிட்டார். அலமாரியைச் சுத்தம் செய்யப்போகிறார்கள், பழைய பாட்டில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள், உங்களுடையதை என்ன சார் செய்வது என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை. கொட்டினால் அக்கா அழுவாரா, செத்துப்போவாரா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.